வாடின ஹவோர்தியாவுக்குத் தண்ணி ஊத்தாதீங்க

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த இழுவைகளையும் ரிப்பீட்டுகளையும் எடுத்துவிட்டு, வாசிக்கத் தோதாக ஆங்காங்கே திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு கோட் இல்ல, கேட்ஜெட் இல்ல, செடி. ஆமா, செடிதான். ஹெட்போனைக் கழட்டிடாதீங்க, ரெண்டு நிமிஷம் கேளுங்க.

நான் வேலைக்குச் சேர்ந்தப்போ வெல்கம் கிட்னு ஒரு டப்பா குடுத்தாங்க. டி-ஷர்ட், பாட்டில், நோட்டுப் புக்கு, கூடவே ஒரு வெள்ளைப் பீங்கான் கப்புல குட்டியா ஒரு செடி. கரும்பச்சை இலை, அதுமேல வெள்ளை வெள்ளையா வரி. ரோஜாப்பூ மாதிரி சுத்திச் சுத்தி இலை அடுக்கியிருக்கும். "நோ மெயின்டனன்ஸ், வாரத்துக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி போதும்"னு ஒரு அட்டை. நானும் திங்கக்கிழமை காலையில ஸ்டாண்ட்-அப் முடிஞ்சதும் கரெக்டா ரெண்டு ஸ்பூன் ஊத்துவேன்.

ரெண்டு மாசம் ஜம்முனு இருந்துச்சு. மூணாவது மாசம் இலை ஒல்லியாச்சு, கொஞ்சம் சுருங்குச்சு. தாகம் போலன்னு நாலு ஸ்பூன் ஆக்கினேன். இன்னும் சுருங்குச்சு. ஆறு ஸ்பூன். ஒருநாள் மேஜை துடைக்கும்போது கை பட்டுச்சு. செடி அப்படியே பாட்டில் மூடி மாதிரி கழண்டு கையோட வந்துருச்சு. கீழே வேரே இல்ல. கறுப்பா, கொழகொழன்னு ஏதோ இருந்துச்சு, அவ்ளோதான். மோந்து பார்த்தா சாக்கடை வாடை.

அந்தச் செடி செத்து எத்தனை நாள் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. அதுதான் இன்னைக்கு மேட்டர். இந்த வகைச் செடிகள் செத்த பிறகும் வாரக்கணக்குல உயிரோட இருக்கிற மாதிரியே தெரியும். நமக்கு அலர்ட் வர்றதுக்குள்ள சர்வர் எப்பவோ டவுன் ஆகியிருக்கும்.

யார் இந்தச் செடி?

கடையில 'ஸீப்ரா பிளான்ட்'னு கேட்டா குடுப்பாங்க. உண்மையான பேரு ஹவோர்தியா. 18, 19ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த ஏட்ரியன் ஹார்டி ஹவோர்த்துங்கிற இங்கிலாந்துத் தாவரவியலாளர் பேருல வெச்சது. நம்ம கோடு போட்ட ஆளை மட்டும் 2013 வாக்கில பிரிச்சு ஹவோர்தியாப்சிஸ்னு தனிப் பேரினமா ஆக்கிட்டாங்க. கடைக்காரருக்கு அது தெரியவேண்டிய அவசியம் இல்ல, நாமளும் இங்க ஹவோர்தியான்னே சொல்லிக்குவோம்.

சொந்த ஊரு தென்னாப்பிரிக்கா, முக்கியமா கேப் மாகாணங்கள். சக்குலன்ட்னு சொன்னதும் நமக்கு ஒட்டகம் நடக்கிற மணல்மேடு ஞாபகம் வரும். ஆனா இது அங்க வெட்டவெளியில நிக்கிற ஆள் கிடையாது. புதர் அடியில, புல்லுக்கு நடுவுல, பாறை இடுக்குல, பாதி உடம்பு மண்ணுக்குள்ள புதைஞ்ச மாதிரி ஒதுங்கி வாழுது. வெயில் கடுமையாகும்போது சில வகைகள்ல வேரு சுருங்கி, செடியையே மண்ணுக்குள்ள இழுத்துக்கும். கூப்பரின்னு ஒரு வகை இருக்கு. இலை நுனி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். உடம்பெல்லாம் மண்ணுக்குள்ள இருக்க, நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த ஜன்னல் வழியா வெளிச்சம் உள்ள போய், மண்ணுக்குக் கீழ இருக்கிற பச்சையத்துக்குச் சாப்பாடு. ஸ்கைலைட் வெச்ச பேஸ்மென்ட் வீடு!

இதுக்கு நம்ம ஊர்ல ஒரு சொந்தக்காரர் இருக்காரு. சோத்துக்கத்தாழை. ரெண்டும் ஒரே குடும்பம். திருஷ்டிக்காக வாசல்ல கத்தாழையைத் தலைகீழாக் கட்டித் தொங்கவிடுவாங்களே, அது மண்ணும் இல்லாம தண்ணியும் இல்லாம மாசக்கணக்குல பச்சையா இருக்கும். சில வீட்டுல பூவே பூத்திருக்கும். நம்ம பாட்டிங்க தெரியாமலே பண்ணின எக்ஸ்பெரிமென்ட் அது. ரிசல்ட் கண்ணு முன்னாடி தொங்குது, நாமதான் வாரம் ரெண்டு ஸ்பூன் ஊத்திக்கிட்டு இருக்கோம்.

நைட் ஷிஃப்ட்

இந்தச் செடிங்க எப்படித் தண்ணி இல்லாம சமாளிக்குதுன்னு புரிஞ்சா, பாதிப் பராமரிப்பு தானா வந்துரும்.

சாதாரணச் செடி பகல்ல இலையில இருக்கிற குட்டித் துளைகளைத் திறந்து வெச்சு கார்பன் டை ஆக்சைடை உள்ள இழுக்குது. அதே துளை வழியா தண்ணி ஆவியாப் போயிட்டே இருக்கும். சக்குலன்ட் இந்த நஷ்டத்துக்கு ஒத்துக்காது. பகல் முழுக்க துளையை மூடி வெச்சுடும். ராத்திரி கொஞ்சம் குளிர்ந்ததும் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமா மாத்தி இலைக்குள்ள ஸ்டோர் பண்ணிக்கும். காலையில கதவைச் சாத்திட்டு, சூரிய வெளிச்சத்தை வெச்சு அந்த அமிலத்தை உடைச்சு சமையலை முடிச்சுக்கும். ராத்திரி சரக்கு இறக்கி, பகல்ல ஷட்டரை மூடிக்கிட்டு உள்ள வேலை. இதுக்கு கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம்னு பேரு, சுருக்கமா கேம்.

இதை முதல்ல கவனிச்சு எழுதினவங்கள்ல ஒருத்தர் நம்ம பக்கத்துல இருந்தவர். பெஞ்சமின் ஹைன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில மொராவியன் மிஷனரியா தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளர் ஆனார். திப்புவுக்குப் பிறகு பெங்களூரு லால்பாக் தோட்டம் இவர் பொறுப்புலதான் இருந்துச்சு. இந்தியாவுல இருந்தப்போ இவர் ரணகள்ளி இலையைக் கடிச்சுப் பார்த்திருக்கார். ஆமா, இலையை மண்ணுல போட்டாலே ஓரத்துல குட்டி போடுமே, அதே ரணகள்ளி. காலையில நல்ல புளிப்பு, மத்தியானம் சப்புன்னு, சாயங்காலம் லேசாக் கசப்பு. ராத்திரி சேர்ந்த அமிலம் பகல்ல கரையுதுன்னு இப்ப நமக்குத் தெரியும். அவர் வெறும் நாக்கை வெச்சு அதைப் பிடிச்சிருக்கார். அந்தக் குறிப்பு 1815ல லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழ்ல வந்துச்சு. சென்சார் கிடையாது, கிராஃப் கிடையாது, நாக்கு மட்டும்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. நீங்க டெஸ்ட் பண்ண வேண்டாம், ரணகள்ளியில கால்நடைகளுக்கு ஆகாத நச்சு இருக்கு.

சரி, இதுல நமக்கு என்ன? ரெண்டு விஷயம்.

ஒண்ணு, இந்தச் செடி தண்ணியைச் செலவு பண்றதே ரொம்ப ரொம்ப மெதுவா. நாம ஊத்துறதை அது குடிச்சு முடிக்க நாளாகும். அதுவரைக்கும் மண்ணு ஈரமாவே இருந்தா வேரு மூச்சு முட்டும். வேருக்கும் ஆக்சிஜன் வேணும்.

ரெண்டு, ராத்திரி குளிரணும். இதனாலதான் இன்ஸ்டாகிராம்ல பார்த்து நாம வாங்குற எச்சவேரியா சென்னையில தங்கமாட்டேங்குது. தாமரை மாதிரி, சாம்பல் பூசின நீல நிறத்துல, பார்த்ததும் அள்ளிக்கலாம்னு இருக்குமே, அது. அதோட சொந்த ஊரு பெரும்பாலும் மெக்சிகோ மலைப்பகுதி. பகல் எப்படி இருந்தாலும் ராத்திரி சிலுசிலுன்னு ஆயிடும். சென்னையில மே மாசம் பல நாள் ராத்திரியே 28 டிகிரிக்குக் கீழ இறங்க அடம்பிடிக்கும், கூடவே கடல் ஈரப்பதம். பெங்களூர்ல, ஊட்டியில, கொடைக்கானல்ல இருக்கிற உங்க ஃப்ரெண்டு எச்சவேரியாவைக் கண்டுக்காமலே வளர்ப்பாங்க. அதே செடியை நீங்க வேளச்சேரி பால்கனியில உயிரைக் குடுத்துப் பார்த்தாலும் ஜூன்ல அழுகிடும். உங்க கை ராசி மேல பழி போடாதீங்க. ஊரு செட் ஆகல, அவ்ளோதான். நான் மூணு எச்சவேரியாவைக் கொன்னதுக்கு அப்புறம்தான் இதை ஒத்துக்கிட்டேன். ஹவோர்தியா இந்தச் சூட்டை எச்சவேரியாவை விட நல்லாவே தாங்கும். முதல் சக்குலன்ட் வாங்குறீங்கன்னா இதுல ஆரம்பிங்க.

ஒரே அறிகுறி, ரெண்டு காரணம்

இப்ப என் ஆபீஸ் செடிக்கு என்ன ஆச்சுன்னு பார்ப்போம். கவனமாக் கேளுங்க, பெரும்பாலான சக்குலன்ட் போறது இந்த இடத்துலதான்.

தண்ணி பத்தலைன்னா இலை சேமிப்புல இருந்து எடுத்துச் செலவு பண்ணும், சுருங்கும். இது எல்லாருக்கும் தெரியும். தண்ணி அதிகமாகி வேர் அழுகினா? வேர் இல்லாத செடியால தண்ணி குடிக்க முடியாது. அப்பவும் இலை சேமிப்புல இருந்துதான் எடுக்கும், அப்பவும் சுருங்கும். வெளியில பார்த்தா ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. வைத்தியம் மட்டும் நேரெதிர். ஒண்ணுக்குத் தண்ணி குடுக்கணும், இன்னொண்ணுக்குத் தண்ணியை நிறுத்தி மண்ணைவிட்டு வெளியே எடுக்கணும். நாம என்ன பண்றோம்? சுருக்கத்தைப் பார்த்ததும் யோசிக்காம தம்ளரை எடுக்கிறோம்.

அதனால வாடின செடியைப் பார்த்தா முதல்ல மண்ணைத் தொட்டுப் பாருங்க. மேல் மண்ணு பொய் சொல்லும். ஊதுபத்தி எரிஞ்சு மீந்த குச்சி இருக்கும்ல, அதை அடி வரைக்கும் குத்தி, ஒரு நிமிஷம் விட்டு எடுங்க. குச்சி காய்ஞ்சு வந்து இலையும் சுருங்கியிருந்தா, அது தாகம். தாராளமா ஊத்துங்க, மூணு நாலு நாள்ல இலை புடைச்சு எழுந்திரும். குச்சி ஈரமா வந்தும் இலை சுருங்கியிருந்தா, வேர்ல பிரச்சனை. செடியை மெதுவா ரெண்டு விரலால ஆட்டிப் பாருங்க. நல்ல வேர் இருந்தா மண்ணைக் கெட்டியாப் பிடிச்சிருக்கும், லூஸ் பல்லு மாதிரி ஆடாது. அடி இலை மஞ்சளா, கண்ணாடி மாதிரி, தொட்டா நசுங்குற மாதிரி இருந்தா இன்னும் சந்தேகமே வேண்டாம். ஒண்ணு ரெண்டு அடி இலை மட்டும் காகிதம் மாதிரி காய்ஞ்சு போறது வயசாகி உதிர்றது, அதுக்குப் பயப்படாதீங்க.

அழுகல்னு தெரிஞ்சா காப்பாத்த முடியுமா? நடுக்குருத்து கெட்டியா இருந்தா பெரும்பாலும் முடியும். தொட்டியில இருந்து எடுத்து மண்ணையெல்லாம் கழுவிடுங்க. கறுப்பா, கொழகொழன்னு, இழுத்தா தோல் மட்டும் உருவிக்கிட்டு வர்ற வேரெல்லாம் போகட்டும். அழுகின இலைகளையும் ஒவ்வொண்ணா உரிச்சுடுங்க. ஸ்பிரிட்டால துடைச்ச பிளேடால, சுத்தமான பச்சை-வெள்ளைத் திசு தெரியிற வரைக்கும் சீவுங்க. பழுப்புப் புள்ளி ஒண்ணு மிச்சம் இருந்தாலும் திரும்பப் பரவும், அதனால இரக்கம் காட்டாதீங்க. அப்புறம் நிழல்ல, காத்தோட்டமா, நாலு நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் சும்மா வெச்சுடுங்க. ஆமா, மண்ணு இல்லாம, தண்ணி இல்லாம, ஜன்னல் ஓரத்துல ஒரு பேப்பர் மேல. வாசல் கத்தாழை ஞாபகம் இருக்கட்டும். வெட்டின இடம் காய்ஞ்சு தழும்பு ஆனதும் சொரசொரப்பான உலர்ந்த கலவை மேல உட்கார வெச்சு, லேசா மட்டும் ஈரம் காட்டுங்க. ரெண்டு வாரமோ ஆறு வாரமோ ஆகும். வெள்ளையா தடியா புது வேர் வரும். தினமும் தூக்கித் தூக்கிப் பார்த்தா அந்த வேர் ஒடியும். நான் ஒடிச்சிருக்கேன்.

அடியில கல்லு போட்டா தண்ணி வடியுமா?

வடியாது. இது நிறைய பேருக்கு அதிர்ச்சியா இருக்கும், யூடியூப்ல பாதிப் பேரு முதல்ல சொல்றதே அடியில கூழாங்கல் போடுங்கன்னுதானே.

வீட்டுலயே செஞ்சு பாருங்க. பாத்திரம் தேய்க்கிற செவ்வக ஸ்பாஞ்சைத் தண்ணியில முக்கி எடுத்து, படுக்கைவசமாப் பிடிங்க. சொட்டுச் சொட்டா வடிஞ்சு நின்னுடும். இப்ப அசைக்காம மெதுவா செங்குத்தாத் திருப்புங்க. மறுபடியும் தண்ணி கொட்டும்! ஸ்பாஞ்ச் அதேதான், தண்ணியும் அதேதான், உயரம் மட்டும்தான் மாறுச்சு. ஸ்பாஞ்சோட சின்னச் சின்னத் துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும் தண்ணியைக் கீழ விடாம பிடிச்சு வெச்சுக்கும். படுக்கையில அந்த உயரம் கிட்டத்தட்ட முழு ஸ்பாஞ்ச். நிமிர்த்தினா அடிப்பகுதி மட்டும்.

தொட்டி மண்ணும் இப்படித்தான். நைஸான மண்ணா இருந்தா, அடியில சில சென்டிமீட்டர் எப்பவும் சொதசொதன்னு நிக்கும். அடியில கல்லு போட்டீங்கன்னா, நைஸ் மண்ணுல இருக்கிற தண்ணி கல்லோட பெரிய இடைவெளிக்குள்ள சுலபமா இறங்காது. சொதசொதப்பு கல்லுக்கு மேல, இன்னும் கொஞ்சம் வேருக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கும். நல்லது பண்றதா நினைச்சு, தண்ணி நிக்கிற தளத்தை ஒரு மாடி ஏத்திட்டோம். அதே காரணத்தால குட்டை கப்பு ரொம்ப மோசம். மொத்த மண்ணே ரெண்டு இன்ச், அதுல பெரும்பகுதி சொதசொதப்பு. என் வெல்கம் கிட் கப்புல ஓட்டை வேற கிடையாது.

தீர்வு, கலவை முழுக்கவே சொரசொரப்பா இருக்கணும். நான் போடுறது ஒரு பங்கு செம்மண்ணும் மண்புழு உரமும், மூணு பங்கு பொடிக்கல்லு சமாச்சாரம். பொடிக்கல்லுக்கு பெர்லைட், பியூமிஸ் எல்லாம் ஆன்லைன்ல கிடைக்கும். காசு செலவு பண்ண மனசில்லன்னா, பக்கத்துல வீடு கட்டுற இடத்துல உடைஞ்ச செங்கல்லு கேளுங்க. தட்டி, 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுல சலிச்சு, தூசி போகக் கழுவிக்கோங்க. அந்தத் தூசியை விட்டா அதுவே இடைவெளிகளை அடைச்சுடும். பீச் மணல் மட்டும் வேண்டாம், உப்பு.

நர்சரியில இருந்து வர்ற செடி பெரும்பாலும் சுத்தத் தென்னை நார்க்கழிவுல இருக்கும், கோகோபீட்னு சொல்றோமே அது. நர்சரிக்காரருக்கு அது சரி, வெயிட் கம்மி, அவங்க இடத்துல வெளிச்சமும் காத்தும் நிறைய. நம்ம வீட்டு ஹாலுக்கு வந்ததும் அது காயவே காயாது. அதனால வாங்கின ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திடுங்க. தொட்டி, ஓட்டை இருக்கிற மண் தொட்டியா இருக்கட்டும், செடியை விட ஒரு விரல் அளவு பெருசாப் போதும். "வளரும்ல"ன்னு ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி பெரிய சைஸ் எடுக்காதீங்க. வேர் போகாத மண்ணு காயாது.

எப்ப ஊத்தணும்?

வாரத்துக்கு ஒரு தடவைங்கிறது கிரான் ஜாப். வெளியில மழையா வெயிலான்னு அதுக்குத் தெரியாது, நேரம் வந்தா ஓடிடும். செடிக்கு அப்படி வேண்டாம். குச்சி அடிவரைக்கும் காய்ஞ்சு வரணும், அதுக்கப்புறமும் ரெண்டு மூணு நாள் விடுங்க, அப்புறம் ஊத்துங்க. ஊத்தும்போது ஸ்பூன் கணக்கு வேண்டாம். அடி ஓட்டை வழியா ஓடுற வரைக்கும் முழுசா. ஸ்பூன்ல ஊத்தினா மேல் மண்ணு மட்டும் நனையும், அடிவேருக்குப் போகாது, அல்லது ஓட்டையில்லாத கப்புல அடியில தேங்கும். ஸ்ப்ரே அடிக்கிறது நமக்கு ஜாலி, செடிக்கு ஒண்ணும் இல்ல. ரோஜா இதழ் மாதிரி இருக்கிற நடுவுல தண்ணி தேங்கினா அங்கேயும் அழுகும், தேங்கிட்டா டிஷ்யூ நுனியால ஒத்தி எடுங்க.

கொஞ்ச நாள்ல குச்சியே தேவைப்படாது. தொட்டியைத் தூக்கினா வெயிட்லயே தெரிஞ்சுடும். கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தே எத்தனை நாள் வரும்னு அம்மா சொல்லுவாங்களே, அந்த மாதிரி.

இதுல ஒரு தலைகீழ் விஷயம். கடுமையான கோடையில ஹவோர்தியா வளர்ச்சியை நிறுத்திட்டு சும்மா இருக்கும், தண்ணியும் கம்மியாத்தான் எடுக்கும். நமக்கு வேர்க்குது, நாம அதுக்கு ஊத்துறோம்! ஏப்ரல், மே, ஜூன்ல இடைவெளி விட்டு, சாயங்காலம் மட்டும் குடுங்க. உச்சி வெயில்ல சூடான தொட்டியில தண்ணி ஊத்தினா வேரை வேகவைக்கிற மாதிரி. சென்னையில அது நல்லா வளர்ற சீசன் டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பர் மழையில பால்கனிக் கம்பியில விடாதீங்க. ஒரு வாரம் விடாம அடிச்சா எந்தக் கலவையும் காப்பாத்தாது.

ஜன்னல் எந்தப் பக்கம்?

"சவுத் ஃபேசிங் விண்டோல வைங்க"ன்னு அமெரிக்கக்காரங்க வீடியோவுல சொல்லுவாங்க. அங்க சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கமாவே போகும், அதனால அது சரி. நாம இருக்கிறது 13 டிகிரி வட அட்சம். ஏப்ரல் கடைசி வாரத்துல சென்னையில சூரியன் நடு உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் நமக்கு வடக்குப் பக்கமாப் போகும். அதாவது அக்னி நட்சத்திரத்துல உங்க வடக்கு ஜன்னல்லயும் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில தெற்கு ஜன்னல்ல நல்லாவே உள்ள வரும். வீடியோவைக் கேட்டு ஒரு இடத்துல வெச்சுட்டு மறந்தா, ஆறு மாசத்துல இடம் தப்பாயிடும்.

எங்க ஊருக்கு என் ஓட்டு கிழக்கு ஜன்னல். காலை இளவெயில் ரெண்டு மணி நேரம், அப்புறம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம். மேற்கு வெயில் நேரா பட்டா இலை செங்கல் நிறமாகும், அதுக்கும் மேல போனா வெள்ளையா வெந்துடும். சிவக்கிறது திரும்பிடும், வெந்த தழும்பு திரும்பாது.

மறுபக்கம், வெளிச்சம் பத்தலைன்னா செடி வெளிச்சத்தைத் தேடி நீளும். கச்சிதமான ரோஜா அடுக்கு போய், இலைக்கு இலை இடைவெளி விட்டு, கோபுரம் மாதிரி ஆயிடும். "வளர்ந்துருச்சு"ன்னு நாம சந்தோஷப்படுவோம், அது தவிச்சுக்கிட்டு இருக்கும். நம்ம கண்ணு இதுல நல்லா ஏமாத்தும். வெளி வெயில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ், வீட்டு ஹால் சில நூறு லக்ஸ்தான். கண்ணு தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கிறதால நமக்கு ரெண்டுமே பளிச்சுன்னு தெரியுது. போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு ஜன்னல் ஓரத்துலயும், ரெண்டு மீட்டர் தள்ளியும் அளந்து பாருங்க. சோபா பக்கத்து டீப்பாயில செடி வைக்கிற ஆசையே போயிடும். ஆபீஸ் டெஸ்க்தான் வழின்னா, ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கைச் செடிக்கு மேல ஒரு சாண் உயரத்துல வெச்சு 12 மணி நேரம் எரியவிடுங்க. ராத்திரி அணைச்சுடுங்க, நைட் ஷிஃப்ட்டு இருக்குல்ல.

மத்ததெல்லாம் வேகமா

இலை இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா இருந்தா மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலை காது குடையிற பட்ஸ்ல தொட்டு ஒவ்வொண்ணாத் துடைங்க, அஞ்சாறு நாளுக்கு ஒருமுறை, மூணு நாலு தடவை. ஒருதடவையில முட்டை போகாது. எறும்பு ஏறுதுன்னா சந்தேகப்படுங்க, மாவுப்பூச்சி விடுற இனிப்புக்காகத்தான் வரும். மாத்தி நடும்போது வேர்லயும் பஞ்சு இருக்கான்னு பாருங்க.

மெல்லிசாக் கம்பி மாதிரி ஒரு தண்டு நீளமா வந்து குட்டி வெள்ளைப் பூ விடும். பூத்தா செத்துடும்னு ஒரு பயம் இருக்கு. அது செம்பர்வைவம் மாதிரி வேற சில ரொசெட் செடிகளோட பழக்கம், ஹவோர்தியா அப்படி இல்ல. பூனை, நாய் வளர்க்கிறவங்களும் கவலைப்பட வேண்டாம், கடிச்சா அதுக்கு விஷம் இல்ல. உங்க செடிக்குத்தான் ஆபத்து.

குட்டியைப் பிரிக்க அவசரப்படாதீங்க. தாய்ச்செடியில மூணுல ஒரு பங்கு அளவு வந்து, சொந்த வேர் விட்டதும் பிரிச்சு, ரெண்டு நாள் காயவெச்சு நடுங்க. எச்சவேரியா மாதிரி ஒத்தை இலையை மண்ணுல போட்டு வளர்க்கலாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கூப்பரி மாதிரி மெதுவான இலை வகைகள்ல நடக்கும், மாசக்கணக்குல ஆகும். கோடு போட்டதுல ரொம்பக் கஷ்டம், குட்டிக்கே காத்திருங்க.

வாங்கும்போது நீலம், பிங்க்னு பெயின்ட் அடிச்சு விக்கிறதைத் தொடாதீங்க. இலைக்குப் பெயின்ட் அடிச்சா வெளிச்சம் எப்படி உள்ள போகும்? பட்டினி போட்டு விக்கிறாங்க. 'ப்ளூ ரோஸ் சக்குலன்ட் விதை'ன்னு ஆன்லைன்ல வர்றதும் போட்டோஷாப்தான்.

அப்புறம் இன்னொரு பக்கம் இருக்கு. இந்த மோகத்துல காட்டுல இருந்து திருடி விக்கிறது பெரிய வியாபாரம் ஆயிடுச்சு. கலிபோர்னியா கடற்கரைப் பாறைகள்ல டட்லியான்னு ஒரு ரொசெட் செடி. ஆயிரக்கணக்குல பிடுங்கிக் கடத்தி, கடைசியில 2021ல அதுக்குன்னே தனிச் சட்டம் போட வேண்டியதாயிடுச்சு. தென்னாப்பிரிக்காவுல 2019க்குப் பிறகு கோனோஃபைட்டம்னு கூழாங்கல் சைஸ் செடிகளை மூட்டை மூட்டையா அள்ளியிருக்காங்க. அதுல சில வகைகளுக்கு மொத்த உலகத்துலயும் ஒரே ஒரு மலைச்சரிவுதான் வீடு. நம்ம 100, 150 ரூபாய் ஸீப்ரா நர்சரியில குட்டி பிரிச்சு வளர்த்தது, அதுல குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆனா ஒருநாள் உங்களுக்கு இதுல பைத்தியம் முத்தி, ஏதோ குரூப்ல "அரிய வகை, இம்போர்ட்டட்"னு பல ஆயிரத்துக்கு ஒரு செடி வந்தா, போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. நர்சரியில வளர்ந்தது சீரா, சுத்தமா இருக்கும். காட்டுல பிடுங்கினதுல பழைய தழும்பு, பூச்சி கடிச்ச தடம், அறுந்த வேர் இருக்கும். அதை வாங்காதீங்க.

போன டிசம்பர்ல வாங்கின ஸீப்ரா ஒண்ணு இப்ப என் கிழக்கு ஜன்னல்ல, 4 இன்ச் மண் தொட்டியில இருக்கு. கடைசியாத் தண்ணி ஊத்தி 19 நாள் ஆச்சு. இன்னைக்குக் காலையில தூக்கிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை திரும்பப் பார்க்கணும்.

உங்க செடி ஆடுதா ஆடலையான்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, முடிஞ்சா வேர் போட்டோவோட. அடுத்த எபிசோட்ல பால்கனியில பொதினா ஏன் நிக்கமாட்டேங்குதுன்னு பேசலாம். வர்றேன் மக்களே.